சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று காருக்கு யார் சொன்னது?

சாவி சட்டைப் பையில். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் குழந்தை. காரிடம் போய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'டக்'கென்று பூட்டு விடுபடுகிறது. 1990களின் கடைசியில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் மாதிரியான வண்டிகளில் மட்டும் இருந்த சங்கதி, இப்போது நம்மூரில் சிறிய ஹேட்ச்பேக்கின் மேல்நிலை மாடல்களிலேயே கிடைக்கிறது.

அந்த 'டக்'குக்கு முன்னால் கார் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். இது என் சாவிதானா என்பது ஒன்று. அந்தச் சாவி என் பக்கத்தில் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கணிதம் இருக்கிறது, அதுவும் நல்ல கணிதம். இரண்டாவதற்குப் பல வருஷங்களாகக் கார்களிடம் இருந்தது வெறும் அனுமானம். இந்தப் பதிவு பெரும்பாலும் அந்த அனுமானத்தைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பட்டனை அழுத்தித் திறக்கும் சாதாரண ரிமோட் வேறு, இது வேறு. ரிமோட்டில் சாவிதான் முதலில் பேசும், கார் கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே ஒரு எண் கூடிக்கொண்டே போகும். பழைய எண்ணைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினால் கார் மதிக்காது. இதிலும் ஓட்டை உண்டு. 2015ல் சாமி கம்கார் என்ற ஆய்வாளர், கார் காதில் விழாமல் தடுத்துவிட்டு அந்த எண்ணைத் தான் வாங்கி வைத்துக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அது தனிக் கதை.

கீலெஸ் முறையில் முதலில் பேசுவது கார். நீங்கள் கைப்பிடியைத் தொடும்போது (சில வண்டிகளில் கைப்பிடியில் இருக்கும் சின்னக் கருப்புப் பட்டனை அழுத்தும்போது) கதவுக்குள் இருக்கும் ஆன்டெனா 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு செய்தி அனுப்புகிறது. சில நிறுவனங்கள் 134 கிலோஹெர்ட்ஸ் வைத்திருக்கின்றன. அந்தச் செய்தியில் "எழுந்திரு" என்ற அழைப்பும், அந்த நொடியில் உருவாக்கிய ஒரு தற்போக்கு எண்ணும் இருக்கும். பையில் தூங்கிக்கொண்டிருக்கும் சாவி விழித்து, தனக்கும் காருக்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தோடு அந்த எண்ணைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை வேறொரு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315. கார் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துப்போனால் பூட்டை விடு என்று மோட்டாருக்கு உத்தரவு. எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில் நடந்து முடிகிறது. கைப்பிடியைத் தொட்ட வேகத்திலேயே இழுத்தால் சில கார்களில் திறக்காமல் ஒரு கணம் மக்கர் பண்ணுமே, அந்த உரையாடல் முடிவதற்குள் நாம் இழுத்துவிடுவதால் வருவது அது.

கேட்க ஒரு அதிர்வெண், பதில் சொல்ல ஒன்று. ஏன் இப்படி? இந்த முறையின் மொத்த சாமர்த்தியமும் இங்கேதான் இருக்கிறது. பலவீனமும் இங்கேயேதான்.

125 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.4 கிலோமீட்டர். கைப்பிடிக்குள் விரல் நீளத்துக்கு இருக்கும் கம்பிச்சுருளால் இந்த அலையை வானொலி மாதிரித் தூரத்துக்கு அனுப்ப முடியாது. அது பக்கத்தில் ஒரு காந்தப்புலத்தை மட்டும் உண்டாக்கும். பொறியியல் படிக்கும்போது 'அண்மைப் புலம்' என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது இதுதான். இந்தப் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வலிமை எட்டில் ஒரு பங்கு. நான்கு மடங்காக்கினால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஒன்றிரண்டு மீட்டர் தாண்டினால் சாவிக்கு ஒன்றும் கேட்காது. வடிவமைத்தவர்களுக்கு வேண்டியதும் அதுவே. மனித உடம்பு, தோல் பை, துணி எதுவும் இந்தப் புலத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்பது கூடுதல் சௌகரியம். கைப்பையின் அடியில் கிடக்கும் சாவிக்கும் இது கேட்கும்.

இன்னொரு காரணம் பேட்டரி. சாவிக்குள் இருப்பது ஒரு பொத்தான் பேட்டரி, 3 வோல்ட். எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அதே சமயம் அந்தப் பேட்டரி ஒன்றிரண்டு வருஷமாவது வர வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்ணைக் கேட்பதற்கு மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் மின்சாரம் செலவாகும். அதனால் கேட்பது தாழ்ந்த அதிர்வெண்ணில். பதில் சொல்வது எப்போதாவது ஒருமுறை என்பதால் அதற்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம். அந்தப் பதில் பல பத்து மீட்டர் தூரம் போகும். சாவிக்குக் காது மந்தம், குரலோ பெரிசு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணினியில் செருகும் யூ.எஸ்.பி ரேடியோ டாங்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை 433.92ல் வைத்துவிட்டு என் கார்க் கைப்பிடியைத் தொட்டால், திரையில் சாவியின் பதில் ஒரு சின்னக் கீற்றாகத் தெரிகிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து தொட்டால் ஒன்றுமே இல்லை. கார் கூப்பிட்டது, யாரும் எழவில்லை. டேப்பை வைத்து அளந்தும் பார்த்தேன். ஓட்டுநர் கதவிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் வரை திறந்தது. டிக்கிப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

பூட்டும் பக்கம் இன்னும் சுவாரசியமானது. பூட்டுவதற்கு முன் கார் தன் வயிற்றுக்குள் சாவி இருக்கிறதா என்று தேடியாக வேண்டும். இல்லாவிட்டால் சாவியை உள்ளே வைத்தே பூட்டிக்கொண்டு நாம் நடுத்தெருவில் நிற்போம். அதனால் கைப்பிடிகள் தவிர முன் இருக்கைகளுக்கு நடுவே, பின்னிருக்கை அருகே, டிக்கியில் என்று உள்ளேயும் சில ஆன்டெனாக்கள். சாவிக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று கம்பிச்சுருள்கள். பையில் எப்படிக் கிடந்தாலும் ஏதாவது ஒன்றுக்குக் கேட்க வேண்டுமே. ஒவ்வொரு ஆன்டெனாவும் தனித்தனியாகக் கூப்பிட, தனக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு பலமாகக் கேட்டது என்று சாவி அளந்து பதிலோடு சேர்த்து அனுப்புகிறது. அந்த எண்களை வைத்துச் சாவி உள்ளேயா வெளியேயா என்று கார் முடிவு செய்கிறது. உள்ளே என்று தெரிந்தால் பூட்ட மறுத்துக் கீச்சென்று கத்தும். கண்ணாடி ஓரம், டேஷ்போர்டின் கோடி, வண்டிக் கூரை ஆகியவை இந்தக் கணக்கு தடுமாறும் இடங்கள். உலோகத் தண்ணீர் பாட்டிலையோ செல்போனையோ சாவியோடு ஒட்டி வைத்தாலும் புலம் கலைந்து அளவு மாறும்.

பேட்டரி செத்துப்போனால்? சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். பல வண்டிகளில் சாவித் துளையே ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். அது எங்கே என்று இப்போதே தேடி வைப்பது நல்லது. இன்ஜினைக் கிளப்பச் சாவியைத் தூக்கி ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் அதற்கென்று தனிக் குழி இருக்கும். அங்குள்ள சுருள் தன் காந்தப்புலத்தாலேயே சாவிக்குள் இருக்கும் சில்லுக்கு மின்சாரம் ஊட்டிப் பேச வைக்கும்.

சரி, இது நம் சாவிதானா என்கிற கணிதம் எவ்வளவு உறுதியானது? வண்டிக்கு வண்டி மாறும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எஸ்.டி 40 என்ற சில்லில் ரகசியத்தின் நீளம் வெறும் 40 பிட். 2005லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்.எஸ்.ஏ ஆய்வகத்தினரும் சேர்ந்து அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். அப்படியும் அது டெஸ்லா மாடல் எஸ் சாவிக்குள் இருந்ததை 2018ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. முன்கூட்டியே கணக்கிட்ட 6 டெராபைட் அட்டவணையை வைத்துச் சில நொடிகளில் சாவியை நகலெடுத்தார்கள். பதிமூன்று வருஷம் முன்பே உடைந்த பூட்டு, அவ்வளவு விலை உயர்ந்த வண்டியில்! மென்பொருள்காரனாக எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. யாரோ வாங்கிய பாகம், யாரோ எழுதிய கோடு, வேலை செய்கிறது, யாரும் தொடுவதில்லை. ஆனால் இது திருத்தக்கூடிய பிரச்சினை. 128 பிட் ரகசியம் போட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

மூடாத கதவு வேறு. அதை விளக்க ஒரு சதுரங்கக் கதை சொல்வார்கள். கணிதவியலாளர் ஜான் கான்வே 1976ல் எழுதியது. சதுரங்கமே தெரியாத ஒரு சிறுமி இரண்டு கிராண்ட்மாஸ்டர்களோடு தபால் வழியாக ஒரே நேரத்தில் விளையாடுகிறாள். ஒருவரிடம் வெள்ளை, இன்னொருவரிடம் கருப்பு. முதலாமவர் அனுப்பும் நகர்த்தலை இரண்டாமவருக்கு அனுப்புவாள். அவர் பதிலை இவருக்கு. இரண்டு பேரையும் அவள் ஏமாற்றிவிடலாம். ஒன்றில் ஜெயிப்பாள், அல்லது இரண்டிலும் சமன். அவளுக்குத் தெரிய வேண்டியது ஆட்டம் அல்ல, தபால் போடுவது மட்டும்.

நம் காரும் சாவியும் அந்த இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள். ஒரு திருடன் காருக்குப் பக்கத்தில், இன்னொருவன் உங்கள் வீட்டு வாசலில். முதல்வன் கைப்பிடியைத் தொட்டுக் கார் எழுப்பும் கேள்வியைப் பிடித்து இரண்டாமவனுக்கு அனுப்புகிறான். அவன் கையில் இருக்கும் பெரிய சுருள் அதே காந்தப்புலத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் எழுப்புகிறது. உள்ளே மேஜை மேல் கிடக்கும் சாவி, முதலாளி காரிடம் போய்விட்டார் என்று நினைத்துச் சரியான விடையைச் சொல்கிறது. அந்தப் பதில்? சாவியின் குரல் பெரிசு என்றேனே, பல நேரங்களில் அது யார் உதவியும் இல்லாமல் தானே வாசலில் நிற்கும் கார் வரை போய்விடும். நீட்ட வேண்டியது கேள்வியை மட்டும்தான்.

இதில் எதையும் உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ரகசியம் 40 பிட்டா, 128 பிட்டா, ஆயிரம் பிட்டா என்பது பொருட்டே இல்லை. கேள்வி அசல், பதில் அசல், சாவி அசல். வங்கி ஓ.டி.பி. மோசடியும் இதே சாயல்தான். போனில் பேசுகிறவன் வங்கியின் கணினியை உடைப்பதில்லை. உங்களுக்கு வந்த எண்ணை வாங்கி உரிய இடத்தில் சேர்க்கிறான். ஒரு வித்தியாசம், அங்கே நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இங்கே சாவி நம்மைக் கேட்காமலே சொல்லிவிடுகிறது. பட்டனை அழுத்தும் சிரமத்தை நீக்கியபோது, "நான் இப்போது திறக்க விரும்புகிறேன்" என்ற நம் சம்மதமும் சேர்ந்து போய்விட்டது.

ஆய்வாளர்கள் இதை வெறும் ஊகமாக விடவில்லை. சூரிக்கில் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்சியோன், டானெவ், சாப்குன் என்ற மூவர் 2011ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் கிளம்பின. அவர்கள் செய்த கருவிகளில் எளியது எது தெரியுமா? இரண்டு முனையிலும் கம்பிச்சுருள், நடுவில் கேபிள். 60 மீட்டர் கேபிள் வரை பார்த்தார்கள். கம்பியில்லாத இன்னொரு வடிவமும் செய்தார்கள். பெருக்கி வைத்துக்கொண்டால், சுருளிலிருந்து 8 மீட்டர் தள்ளியிருந்த சாவியைக்கூட எழுப்ப முடிந்தது.

தெருவுக்கு வர அதற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. இங்கிலாந்தில் சோலிஹல் என்ற ஊரில் 2017 செப்டம்பரில் ஒரு வீட்டு வாசலிலிருந்து மெர்சிடிஸ் ஒன்று திருடு போனது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை அந்த சி.சி.டி.வி. படத்தை நவம்பரில் வெளியிட்டது. கையில் பெட்டியோடு இரண்டு பேர். ஒருவன் வீட்டுச் சுவர், கதவு ஓரமாகப் பெட்டியைப் பிடித்து நகர்த்துகிறான். இன்னொருவன் காரருகே நிற்கிறான். ஒரு நிமிடம் அளவில் வேலை முடிகிறது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை. இந்த விஷயத்தைத் தேடிப் படித்ததில் என்னை அதிகம் உறுத்தியது அந்த அமைதிதான். வண்டிக்குரியவரிடம் சாவி இருக்கிறது, உடைத்த தடயம் ஏதும் இல்லை. தன் பக்கத்தை அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்?

கிளம்பிய பிறகு சாவி தூரமாகிவிடுமே, இன்ஜின் நின்றுவிடாதா என்று கேட்கலாம். நிற்காது. நிற்கவும் கூடாது. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்து இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும்? அதனால் "சாவியைக் காணவில்லை" என்று எச்சரித்துவிட்டுக் கார் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தால்தான் மறுபடி கிளம்பாது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கணவர் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட, மனைவி வண்டியை வீடு வரை ஓட்டிவந்து நிறுத்தி மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இதற்கு என்ன தீர்வு? சாவிக்குள் அசைவை உணரும் சில்லு வைப்பது எளிய வழி. மேஜையில் அசையாமல் கிடந்தால் சாவி காதை மூடிக்கொள்ளும். ஃபோர்டு 2019ல் ஐரோப்பாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் சாவிகளில் இதைக் கொண்டுவந்தது. 40 நொடி அசையாவிட்டால் தூக்கம். வீட்டில் இருக்கும் சாவிக்கு இது போதும். உணவகத்தில் உங்கள் பையில் நடமாடும் சாவிக்கு உதவாது.

சரியான தீர்வு தூரத்தை அனுமானிக்காமல் அளப்பது. அளக்க நேரம் வேண்டும். ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். நடுவில் எத்தனை பேர் நின்று அஞ்சல் செய்தாலும் அலையை அதைவிட வேகமாக ஓட்ட முடியாது. சிக்னலின் பலத்தைப் பெருக்கலாம், பயண நேரத்தைக் குறைக்க முடியாது. இந்த யோசனையை 1993லேயே பிராண்ட்ஸ், சோம் என்ற இருவர் முறைப்படி எழுதி வைத்துவிட்டார்கள். அப்புறம் ஏன் இத்தனை வருஷம்? பழைய சாவி விடையைக் கணக்கிடவே மில்லி நொடிகள் எடுத்துக்கொள்கிறது. 30 மீட்டர் கூடுதல் தூரம், போய்வர 0.2 மைக்ரோ நொடிதான் சேர்க்கும். கல்யாண சமையல் முடிய எத்தனை மணி நேரம் ஆனது என்பதை வைத்து, பந்திக்கு இலை எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது மாதிரி. மலிவான சில்லில் நானோ நொடியை அளக்கும் நுட்பமும் அப்போது இல்லை.

இப்போது இருக்கிறது. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறையில் சுமார் 2 நானோ நொடி நீளமுள்ள துடிப்புகளை அனுப்பிப் போய்வரும் நேரத்தைப் பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கலாம். சாவி தான் எடுத்துக்கொண்ட நேரத்தையும் திருத்த முடியாதபடி முத்திரையிட்டுச் சொல்லிவிடும். கார் அதைக் கழித்துக்கொள்ளும். ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018 வாக்கில் இதைச் சாவியில் கொண்டுவந்தது. செல்போனையே சாவியாக்கும் பொதுத் தரத்திலும் 2021ல் இது சேர்ந்தது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. வாகன ஓட்டிகள் சங்கம் பல வருஷமாக நூற்றுக்கணக்கான கார்களை இந்தத் தாக்குதலுக்கு உட்படுத்திப் பார்த்து வருகிறது. பெரும்பாலானவை திறந்துகொள்ள, தாக்குப்பிடித்த சிலவற்றில் இந்த ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகள் இருந்தன.

ஆனால் அளவுகோல் வண்டியில் இருப்பது வேறு, அதை வைத்து முடிவெடுப்பது வேறு. 2024ல் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஒரு ஆய்வுக் குழு, அல்ட்ரா வைட்பேண்ட் சில்லு இருந்த புதிய டெஸ்லா மாடல் 3ஐப் பழைய அஞ்சல் வித்தையாலேயே திறந்து காட்டியது. சில்லு இருந்தது, கதவைத் திறக்கலாமா என்ற முடிவை அப்போது மென்பொருள் இன்னும் புளூடூத்தை நம்பியே எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் புதுக் கார் பார்க்கப் போகும்போது "அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் பத்தாது. கதவு திறக்க அந்தத் தூரத்தைத்தான் பார்க்கிறதா என்று கேட்க வேண்டும். ஷோரூமில் இதற்குப் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. நான் கேட்டபோது வண்ணங்களின் பட்டியலை நீட்டினார்கள்.

இருக்கிற வண்டிக்கு? சில கார்களில் அமைப்புப் பட்டியலில் இந்த வசதியையே அணைத்துவிடலாம். சில டொயோட்டா சாவிகளில் பூட்டும் பட்டனைப் பிடித்துக்கொண்டே திறக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் சாவி காதை மூடிக்கொள்ளும். பேட்டரியை மிச்சம் பிடிக்க என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். எதுவும் இல்லாவிட்டால் உலோக டப்பா. அதையும் சோதித்துவிட்டு நம்புங்கள்: சாவியை உள்ளே போட்டு மூடி, டப்பாவைக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு கதவைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அந்த டப்பா உதவாது, மூடி இறுக்கமாக உட்காரும் வேறு ஒன்றைத் தேடுங்கள். என் வீட்டில் பிஸ்கட் டின் தேறியது, உள்ளே அலுமினியப் பூச்சு போட்ட ஒரு விலையுயர்ந்த பை தேறவில்லை. ஸ்பேர் சாவியையும் அதே டின்னில் போட மறக்காதீர்கள், அதற்கும் காது உண்டு.